பன்னிரண்டு வோல்ட் என்று எழுதியிருந்தால் போதுமா?
மின்வழங்கியை அளந்தறியும் முறை

முன்னுரை

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள் நம் பெரியவர்கள். அரிசிக்கும் காசுக்கும் சொன்ன அந்தச் சொல் மின்சாரத்துக்கும் அப்படியே பொருந்தும். உங்கள் வீட்டில் எத்தனை அடாப்டர்கள் இருக்கின்றன என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். கைபேசிக்கு ஒன்று, இணைய மோடத்துக்கு ஒன்று, பழைய வானொலிக்கு ஒன்று, எதற்கு வாங்கினோம் என்றே தெரியாமல் மேசை இழுப்பறையில் கிடப்பவை நான்கைந்து. அவற்றுள் ஒன்றின் முதுகில் ‘12 வோல்ட், 500 மில்லியாம்பியர்’ என்று அச்சிட்டிருக்கும். அந்த எழுத்து உண்மைதானா? உண்மை என்றால் எப்போது உண்மை? இக்கட்டுரை இந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் முயற்சியே.

நான் சுங்கை பாக்காப்பில் வளர்ந்தவன். மின்னணுவியல் படித்தவன். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போதெல்லாம் எங்கள் தாமானில் உள்ள படிவம் 4, படிவம் 5 மாணவர்கள் சிலருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். அவர்களில் பலர் ஓம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால் ஒரு மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தால், எந்தக் கம்பியை எந்தத் துளையில் செருகுவது என்று விழிப்பார்கள். கணக்கு தெரிகிறது, அளக்கத் தெரியவில்லை. இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

எங்கள் ஊரும் மின்னணுத் தொழிலும்

பினாங்கு மாநிலத்தின் மின்னணு வரலாறு 1972ஆம் ஆண்டில் தொடங்கியது எனலாம். பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்ததும், இன்டெல் நிறுவனம் அங்கே ஆலை திறந்ததும் அந்த ஆண்டில்தான். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகு தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே வேலைக்குப் போய்வருவது எளிதாயிற்று. 2001இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் பேராக்கிலிருந்து எங்களுக்கு அருகிலுள்ள நிபோங் திபாலுக்கு இடம் மாறியது. 2014இல் பத்து காவானிலிருந்து தீவுக்கு இரண்டாவது பாலமும் வந்துவிட்டது.

தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் அக்காவோ அண்ணனோ தொழிற்சாலைப் பேருந்து ஏறியவர்கள். ஆலையிலிருந்து வெளியேறும் மின்பலகைகள் சோதனைப் பிரிவைக் கடந்துதான் வருகின்றன. அந்தச் சோதனையின் அடிப்படை என்ன? இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையே எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். அந்த அறிவு ஆலைக்குள்ளேயே நின்றுவிடாமல் நம் வீட்டு மேசைக்கும் வரட்டும்.

1. மூன்று அளவுகள்

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம். அது மின்னழுத்தம், வோல்ட்டில் அளக்கிறோம். குழாய் வழியே நொடிக்கு எவ்வளவு நீர் ஓடுகிறது என்பது மின்னோட்டம், ஆம்பியரில் அளக்கிறோம். குழாயின் குறுக்கம் ஓட்டத்தைத் தடுப்பது மின்தடை, ஓமில் அளக்கிறோம். மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கிய தொகை. ஜெர்மானியரான கியோர்க் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இது.

1845இல் கிர்க்காஃப் இன்னொன்றைச் சொன்னார். ஒரு சுற்றை முழுதாகச் சுற்றி வந்தால், கிடைத்த வோல்ட்டும் செலவான வோல்ட்டும் சமமாக இருக்கும். வரவும் செலவும் சரியாக வர வேண்டும் என்னும் கணக்குப்பிள்ளையின் விதிதான் இது. சரியாக வரவில்லையென்றால், எங்கோ ஒரு செலவை நாம் பார்க்கத் தவறிவிட்டோம் என்று பொருள். பின்னால் இந்த விதி நமக்குக் கை கொடுக்கும்.

2. மீட்டரை அறிதல்

ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் ‘ஏவோ’ மீட்டர் 1923இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அங்கு அஞ்சல் துறையில் பொறியாளராக இருந்த டொனால்ட் மெக்காடி, பல கருவிகளைச் சுமந்து அலுத்துப்போய் அதை உருவாக்கினார். இன்று பாசார் மாலாமில் விற்கும் மஞ்சள் நிற டிஜிட்டல் மீட்டர்கூட அதன் பேரப்பிள்ளைதான். பயன்படுத்தும்போது மூன்று விதிகளை மனத்தில் வையுங்கள்.

முதலாவது, மின்னழுத்தத்தை அளக்கும்போது மீட்டரைப் பொருளுக்குப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். சுற்றை வெட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, மின்னோட்டத்தை அளக்கும்போது சுற்றை ஓரிடத்தில் வெட்டி, மீட்டரை நடுவே நுழைக்க வேண்டும். ஓட்டம் முழுவதும் மீட்டர் வழியாகவே போக வேண்டும். அளந்து முடித்ததும் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டு அடுத்த முறை வோல்ட் அளக்கப் போனால், மீட்டர் ஒரு வெறும் கம்பியைப் போலக் குறுக்குச் சுற்றை உண்டாக்கிவிடும்.

மூன்றாவது, மின்தடையை அளக்கும்போது மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். மின்தேக்கிகளும் காலியாகியிருக்க வேண்டும்.

இவற்றோடு இன்னோர் உண்மையும் உண்டு. மீட்டரும் சுற்றிலிருந்து கொஞ்சம் மின்னோட்டத்தைக் குடிக்கிறது. 10 வோல்ட்டுக்குக் குறுக்கே 1 மெகாஓம் தடைகள் இரண்டைத் தொடராக இணையுங்கள். ஒவ்வொன்றிலும் 5 வோல்ட் இருக்க வேண்டும். 10 மெகாஓம் உள்தடை கொண்ட நல்ல டிஜிட்டல் மீட்டர் 4.76 காட்டும். 1 மெகாஓம் உள்தடை கொண்ட மலிவு மீட்டர் 3.33 காட்டும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்று முகப்பில் எழுதியுள்ள முள் மீட்டரை 10 வோல்ட் அளவில் வைத்தால், 1.43தான் காட்டும். மூன்று மீட்டர்களும் பழுதில்லை. ஒவ்வொன்றும் தான் தொட்டதால் மாறிப்போன சுற்றைத்தான் உள்ளபடி அளந்து சொல்கிறது.

3. மின்வழங்கியின் உள்ளே

கையில் எடுத்தால் கல்லுப் போலக் கனக்கும் பழைய வகை அடாப்டரில் மூன்று பகுதிகள் உள்ளன. மின்மாற்றி வீட்டு மின்சாரத்தைச் சிறிய மாறுதிசை மின்னழுத்தமாகக் குறைக்கிறது. பாலம் போல் இணைத்த நான்கு டையோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. பிறகு மின்தேக்கி, நம் வாய்வழக்கில் கெப்பாசிட்டர், மேடு பள்ளத்தை நிரவுகிறது. மழை பெய்யும்போது நிரம்பி, பெய்யாதபோது நீர் கொடுக்கும் பீப்பாய் போன்றது அது.

நமது நாட்டில் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு மின்னழுத்தம் 240 வோல்ட்டாக இருந்தது. 2008 ஜனவரி 1 முதல் அது 230 வோல்ட் என வகுக்கப்பட்டது. 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம். ஆக, 216.2 முதல் 253 வோல்ட் வரை எதுவும் முறையான அளவே. பழைய அடாப்டருக்குள் இதைச் சமன் செய்யும் உறுப்பு கிடையாது. வீட்டு மின்சாரம் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும்.

மாறுதிசை மின்னழுத்தத்தின் உச்சி, நாம் சொல்லும் அளவைப் போல 1.414 மடங்கு. மின்மாற்றி 12 வோல்ட் தந்தால், உச்சி ஏறத்தாழ 17 வோல்ட். ஒரே நேரத்தில் இரு டையோடுகள் வழியே ஓடுவதால் 1.4 வோல்ட் செலவாகிறது. மீதி 15.6. மின்தேக்கி இந்த உச்சி வரை நிரம்புகிறது. சுமை ஏதும் இல்லாதபோது மின்மாற்றியும் தன் முத்திரை அளவுக்கு மேலேயே தருவதால், இந்த எண் இன்னும் கூடும்.

4. சுமையோடு அளத்தல்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ‘12 வோல்ட், 500 மில்லியாம்பியர்’ என்று எழுதிய ஒரு பழைய அடாப்டரை, வெவ்வேறு தடைகளைச் சுமையாக இணைத்து அளந்தேன். கிடைத்த எண்கள் இவை:

சுமை இல்லை: 17.1 வோல்ட்
100 ஓம்: 15.4 வோல்ட், 0.154 ஆம்பியர்
47 ஓம்: 14.2 வோல்ட், 0.302 ஆம்பியர்
22 ஓம்: 12.3 வோல்ட், 0.559 ஆம்பியர்

ஆம்பியரைத் தனியாக அளக்கவில்லை. வோல்ட்டைத் தடையால் வகுத்தாலே போதும். ஓம் விதி கை கொடுக்கிறது. 22 ஓம் தடையில் ஏறத்தாழ 7 வாட் வெப்பம் எழும். ஆகவே 10 வாட் தாங்கும் பீங்கான் தடையைப் பயன்படுத்துங்கள். ஓர் ஓட்டுத் துண்டின் மேல் வைத்து அளந்துவிட்டு உடனே கழற்றிவிடுங்கள். கை வைத்தால் சுடும்.

அட்டவணை என்ன சொல்கிறது? முதுகில் எழுதிய 12 வோல்ட் பொய்யில்லை. ஆனால் ஏறத்தாழ அரை ஆம்பியர் சுமக்கும்போது மட்டுமே அது உண்மை. 17.1க்கும் 12.3க்கும் உள்ள வேறுபாடு 4.8 வோல்ட். அதை 0.559ஆல் வகுத்தால் 8.6 ஓம். இதுவே அடாப்டரின் உள்தடை. கிர்க்காஃப் சொன்ன கணக்கில் நாம் பார்க்கத் தவறிய செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. இன்றைய மோடம் போன்ற கருவிகள், சுமை எதுவானாலும் 12 வோல்ட்டில் நிற்கும் அடாப்டரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. முனை பொருந்துகிறது, எண்ணும் பொருந்துகிறது என்று இழுப்பறையிலிருந்து கனமான பழைய அடாப்டரை எடுத்துச் செருகினால், குறைந்த மின்னோட்டத்தில் இயங்கும் கருவிக்கு 15, 16 வோல்ட் போய்ச் சேரலாம். முனையின் நடுப்பகுதி நேர்முனையா எதிர்முனையா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. கரகரத்த வானொலி

எங்கள் தாமானில் தோட்டத்து வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் இருக்கிறார். காலையில் மின்னல் எஃப்.எம். கேட்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. அவரிடம் எட்டுப் பெரிய பேட்டரிகள் போடும் பழைய கேசட் வானொலி ஒன்று உண்டு. ஒரு விடுமுறையில் அவரைப் பார்த்தபோது, “ரேடியோ போச்சுன்னு கடையில சொல்லிட்டாங்க தம்பி. புதுசு வாங்கணுமாம்,” என்றார். பாட்டுக்குப் பின்னால் வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம். ஒலியைக் கூட்டினால் பாட்டே உடைந்துபோகிறது. கடையில் அடாப்டரை மீட்டர் வைத்துப் பார்த்தார்களாம். 17 வோல்ட் காட்டியதாம். அடாப்டர் நன்றாக இருப்பதால் வானொலிதான் பழுது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

முதலில் எட்டுப் புதிய பேட்டரிகள் போட்டுப் பார்த்தோம். பேட்டரி ஒன்றுக்கு 1.5 வோல்ட், எட்டுக்கு 12 வோல்ட். பாட்டுத் தெளிவாக ஒலித்தது. வானொலியில் குற்றமில்லை என்பது இந்த ஒரு சோதனையிலேயே உறுதியாகிவிட்டது.

பிறகு அடாப்டருக்கு 47 ஓம் சுமை கொடுத்து அளந்தேன். 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய எண் 10.6இல் நின்றது. சுமையைக் கழற்றினால் மீண்டும் 17. மின்தேக்கி உலர்ந்துபோய்விட்டது. சுமை இல்லாதபோது கொஞ்சமே மீந்திருக்கும் கொள்ளளவுகூட உச்சி வரை நிரம்பி நிற்கப் போதும். வேலை கொடுத்தால்தான் அதன் பலவீனம் தெரியும்.

புதிய மின்தேக்கி வாங்கும்போது ஒரு கவனம் தேவை. அடாப்டரில் 12 வோல்ட் என்று இருக்கிறதே, 16 வோல்ட் தாங்கும் மின்தேக்கி போதுமே என்று தோன்றும். போதாது. சுமை இல்லாதபோது 17.1 வருகிறது, வீட்டு மின்சாரம் உச்ச அளவுக்கு ஏறினால் இன்னும் கூடும். ஆகவே 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கி போட்டோம். விலை இரண்டு வெள்ளிக்கும் குறைவு. நேர்முனை, எதிர்முனை பார்த்துப் பற்றவைத்த பிறகு மீண்டும் அதே சுமையில் அளந்தபோது 14.1 வோல்ட் வந்தது. தாத்தாவுக்குப் புதிய வானொலி வாங்கும் செலவு மிச்சம்.

6. சிற்றலையை அளத்தல்

அந்த வண்டுச் சத்தம் எங்கிருந்து வந்தது? நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறித் திரும்புகிறது. பாலத்தைக் கடந்ததும் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு உச்சிகள். ஆக நொடிக்கு 100. இரு உச்சிகளுக்கு இடையே மின்தேக்கி கொஞ்சம் வற்றி மீண்டும் நிரம்புகிறது. இந்த ஏற்ற இறக்கமே சிற்றலை. அது பெரிதாகும்போது ஒலிபெருக்கியில் ரீங்காரமாகக் கேட்கிறது.

அதன் உயரத்தைக் கணிக்க எளிய வழி உண்டு. மின்னோட்டத்தை, நூறையும் மின்தேக்கியின் கொள்ளளவையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 0.3 ஆம்பியர், 2200 மைக்ரோஃபாரட் என்றால் ஏறத்தாழ 1.4 வோல்ட். இது மேட்டிலிருந்து பள்ளம் வரை உள்ள உயரம். மீட்டரின் ஏ.சி. அளவு அதை ஏறத்தாழ 0.4 வோல்ட் என்று காட்டும். பழுதான நிலையில் தாத்தாவின் அடாப்டர் 4 வோல்ட்டை நெருங்கியது.

ஆனால் மலிவான மீட்டர்கள் சில ஏ.சி. அளவில் நேர்மின்சாரத்தையும் சேர்த்து எண்ணிவிடும். முதலில் ஒரு 9 வோல்ட் பேட்டரியை ஏ.சி. அளவில் வைத்து, கம்பிகளை இரு வகையிலும் மாற்றி அளந்து பாருங்கள். இரண்டு முறையும் சுழியம் வந்தால் நல்லது. ஒரு திசையில் 20ஐ ஒட்டி ஏதேனும் எண் வந்தால், சிவப்புக் கம்பியோடு முனைப்பாகுபாடு இல்லாத 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தொடராக இணைத்து அளந்தால் போதும். நேர்மின்சாரம் நின்றுவிடும், சிற்றலை மட்டும் உள்ளே போகும்.

7. நிலைப்படுத்தி எங்கே தோற்கிறது?

மாணவர்களின் செயல்திட்டங்களில் அதிகம் காணப்படுவது 7805 என்னும் மூன்று கால் நிலைப்படுத்தி. எழுத்து நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் இடது கால் உள்வரவு, நடுக்கால் பொதுமுனை, வலது கால் 5 வோல்ட் வெளியீடு. 4.8 முதல் 5.2 வரை அளவு வந்தால் அது ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்வரவு வெளியீட்டைவிட ஏறத்தாழ 2 வோல்ட் மேலே, அதாவது 7 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும்.

உள்வரவில் மீட்டர் 8 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். போதும் என்று நினைப்போம். ஆனால் மீட்டர் காட்டுவது சராசரி. சிற்றலையின் உயரம் 3 வோல்ட் என்றால் பள்ளம் 6.5இல் இருக்கும். நொடிக்கு நூறு முறை நிலைப்படுத்தி தடுமாறும். கணினிச் சில்லு காரணமின்றி மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மாணவர் நிரலில் பிழை தேடி இரவெல்லாம் விழித்திருப்பார். சந்தேகம் வந்தால் நிரலைத் திறக்கும் முன் மின்வழங்கியை டி.சி., ஏ.சி. இரண்டு அளவுகளிலும் அளந்துவிடுங்கள்.

வெப்பத்தையும் மறக்கக்கூடாது. 12.7 வோல்ட் கொடுத்து 5 வோல்ட் எடுத்தால், மீதி 7.7 வோல்ட் வெப்பமாகத்தான் போக வேண்டும். அரை ஆம்பியரில் அது 3.85 வாட். வெப்பத்தகடு இல்லாமல் 7805 அதைத் தாங்காது.

8. தொடக்கூடாத இடம்

மேலே சொன்னவை யாவும் மின்மாற்றிக்குப் பின்னால் உள்ள சிறிய மின்னழுத்தத்தைப் பற்றியவை. கைபேசி மின்னூட்டி, கணினி மின்வழங்கி போன்ற இலேசான புதிய வகைகள் வேறு. அவை வீட்டு மின்சாரத்தை நேரடியாகவே திருத்தி, உள்ளே இருக்கும் மின்தேக்கியில் நிரப்புகின்றன. 230ஐ 1.414ஆல் பெருக்கினால் 325 வோல்ட். செருகியைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்தேக்கி அதைப் பிடித்து வைத்திருக்கலாம். அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் அவற்றைத் திறக்காதீர்கள். வெளியே வரும் கம்பியில் சுமை கொடுத்து அளப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுச் செருகுமுனையை அளக்க வேண்டியிருந்தால், மீட்டரின் முகப்பில் ‘கேட்’ இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அளவுக் கம்பியின் உறையில் வெடிப்பு இருந்தால் அன்று அளக்க வேண்டாம். புதிய அடாப்டர் வாங்கும்போது சிரிம் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்று முனைச் செருகியில் சிறிய கருவிக்கு 3 ஆம்பியர் உருகி போதுமென்றால், கையில் கிடைத்தது என்பதற்காக 13 ஆம்பியர் உருகியைப் போடாதீர்கள். உருகி கருவிக்கு மட்டும் காவல் இல்லை. கம்பிக்கும் வீட்டுக்கும் அதுவே காவல்.

முடிவுரை

நண்பர்களே, இக்கட்டுரையில் உள்ள சோதனைகள் அனைத்துக்கும் தேவையானவை ஒரு மல்டிமீட்டர், மூன்று பீங்கான் தடைகள், ஒரு சிறிய மின்தேக்கி, ஒரு பழைய அடாப்டர். அவ்வளவுதான். நம் தமிழ்மொழிக் கழகத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் நாம் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சென்று மொழிப் பட்டறைகள் நடத்துகிறோம். அவற்றோடு ஒரு மணி நேரம் அளவைப் பட்டறையும் நடத்தலாமே. மின்னழுத்தம், மின்தடை, சிற்றலை என்ற சொற்களை அகராதியில் படித்து மனனம் செய்யும் பிள்ளை நாளையே மறந்துவிடலாம். மீட்டரைக் கையில் பிடித்து, சுமை ஏறும்போது 17 என்ற எண் 12ஆக இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொற்கள் சொந்தமாகிவிடும்.

முன்னாள் மாணவர்களில் பலர் இன்று பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் கூலிமிலும் பொறியாளர்களாக இருக்கிறீர்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் பையில் ஒரு மீட்டரும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்து, அதன் கையாலேயே அளக்கச் சொல்லுங்கள்.